மீட்டர் பல்பை எல்இடியாக மாற்றக் கொடுக்கிறீர்களா?

பழைய காரில் மீட்டர் வெளிச்சம் மங்கிப்போயிருந்தது. இரவில் ஸ்பீடோமீட்டர் முள்ளைக் கண்ணைச் சுருக்கித்தான் தேட வேண்டும். "எல்லாத்தையும் எல்இடி ஆக்கிடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார் கடைக்காரர். சாவியைக் கொடுத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனேன். பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

வண்டியைப் பகலில் எடுத்ததால் ஒன்றும் தெரியவில்லை. இரவில் லைட்டைப் போட்டால், 40-க்கும் 60-க்கும் நடுவே ஒரு நீலப் பொட்டு கண்ணைக் குத்துகிறது, 100-க்கு மேல் எண்களே இல்லை. பழைய இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளியைச் சிந்தும். இவர் போட்டதில் நுனியில் மட்டும்தான் சிப்; வெளிச்சம் நேராக முன்னால் பாய்ந்து நின்றுவிடுகிறது. மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் திருப்பினால் பாதிவரை அசையவே இல்லை, அப்புறம் பட்டென்று அணைகிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நான்காம் நாள் காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. இன்னொரு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து எடுத்தேன். இரண்டு நாளில் மறுபடி அதே கதை. வேறொரு எலக்ட்ரீஷியன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். இன்ஜின் ஓடும்போதே பேட்டரியில் 12.1 வோல்ட். 14 பக்கம் இருக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை ஓங்கி ஒரு மிதி மிதிக்கச் சொன்னார், சட்டென 14.2 ஆனது. உடனே கேட்டார்: "மீட்டர்ல யாராவது கை வெச்சாங்களா?"

விஷயம் இதுதான். பல பழைய கார்களில் பேட்டரிச் சின்னத்துக்குப் பின்னால் இருக்கும் பல்பு வெறும் எச்சரிக்கை விளக்கு இல்லை. சாவியைத் திருப்பியதும் அதன் வழியாகப் போகும் மின்னோட்டம்தான், இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. 2 வாட் பல்பு என்றால் ஏறத்தாழ 170 மில்லி ஆம்பியர் விடும். சின்ன எல்இடி வெறும் 20 போலத்தான் விடும். அதனால் ஆக்ஸிலரேட்டரை ஓங்கி மிதித்தால்தான் ஆல்டர்னேட்டர் விழித்தது; மெதுவாக ஓட்டும் சின்னச் சின்ன ஓட்டங்களில் என் வண்டி சார்ஜே ஏறாமல் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த ஒரு இடத்தில் சாதாரண பல்பைத் திரும்பப் போட்டார், சரியாகிவிட்டது.

அதோடு போகவில்லை. முதல் ஆள் ஸ்பீடோ முள்ளைப் பிடுங்கி, தப்பான இடத்தில் திரும்பக் குத்தியிருந்தார். ஜிபிஎஸ் 60 காட்டும்போது மீட்டரில் 50! என் மீட்டரில் பல்பு மாற்ற முள்ளைத் தொடவே தேவையில்லை, பின்பக்கம் ஹோல்டரைக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும். ஏன் பிடுங்கினார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

போய்க் கேட்டதற்கு "பேட்டரி பழசு சார்" என்றார். என் பழைய பல்புகளைக் கேட்டேன், குப்பையில் போட்டுவிட்டாராம்.

கொடுக்கத்தான் போகிறீர்கள் என்றால், பேட்டரி விளக்கில் கை வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கழற்றிய பல்புகளைக் கவரில் போட்டு வாங்குங்கள். மீட்டரை மூடும் முன் வண்டியை இருட்டில் நிறுத்தி ஒவ்வொரு விளக்கையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எல்இடிக்குப் பிளஸ் மைனஸ் உண்டு, எரியாததைத் திருப்பிச் செருகினால் போதும், அதற்காக மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. கடைசியாக, இன்ஜினை ஐடிலில் விட்டு வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது என் மீட்டரில் எல்லாமே பழையபடி இழை பல்புதான். கழற்றிய நீல எல்இடிகள் ஆறு, அதில் இரண்டு அதற்குள் செத்துப்போயிருந்தன.