ரெசின் சிமென்ட்டில் ஒட்டிய கேப்கள்: கிளினிக்கில் பல வருடங்கள் கழித்து

பல்லில் கேப்பை ஒட்டும் பிளாஸ்டிக் வகைப் பசையான ரெசின் சிமென்ட்டை கிளினிக்கில் வழக்கமாக எடுக்க ஆரம்பித்தது, கெட்டியான செராமிக்கான ஜிர்கோனியா கேப்கள் பெருகிய பிறகுதான். அதற்கு முன் உலோகக் கேப்புகளுக்கு கிளாஸ் அயனோமர் என்ற பழைய வகை சிமென்ட்டே போதுமாக இருந்தது. பல்லை ஒழுங்காகச் செதுக்கி, போதிய உயரமும் இருந்தால் ஜிர்கோனியாவுக்கும் இன்றைக்கும் அதுவே போதும். குட்டையான கடைவாய்ப் பல், கூம்பு மாதிரி சரிந்துபோன பல் என்றால்தான் ரெசினின் அருமை தெரியும். பல்லின் வடிவம் பிடிக்காத இடத்தில் ஒட்டுதான் பிடிக்க வேண்டும்.

கேப் கழன்று யாராவது வந்தால், முதலில் சிமென்ட் எந்தப் பக்கம் தங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். சிமென்ட் முழுக்கப் பல்லில் இருந்து, கேப்பின் உள்பக்கம் துடைத்த மாதிரி இருந்தால், கேப்பைச் சரியாகத் தயார் செய்யவில்லை. கேப்பிலேயே இருந்தால் பல்லில் ஈரமோ, தற்காலிக சிமென்ட்டில் உள்ள கிராம்பு எண்ணெய்ப் பொருளான யூஜெனாலோ இருந்திருக்கலாம். யூஜெனால் ரெசினை இறுகவிடாது. அதனால் தற்காலிகக் கேப்புக்கு யூஜெனால் இல்லாத சிமென்ட்தான் வைக்கிறேன்.

நான் பார்த்தவரை ஜிர்கோனியாவில் அதிகம் கோட்டை விடுவது முதல் வகையில்தான். அதில் கண்ணாடிப் பகுதி இல்லாததால், கண்ணாடியை அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வைத்துப் பயனில்லை. 50 மைக்ரான் அலுமினாவை மிதமான அழுத்தத்தில் அடித்து, எம்டிபி என்ற ஒட்டும் மூலக்கூறு உள்ள பிரைமரை, அதாவது சிமென்ட்டுக்கு முன் தடவும் திரவத்தை, பூச வேண்டும். 1983இல் பனாவியா என்ற சிமென்ட்டோடு குராரே நிறுவனம் கொண்டுவந்தது இந்த எம்டிபி. அதன் பாஸ்பேட் முனை ஜிர்கோனியாவோடு பிணைகிறது. சிக்கலும் அங்கேதான். எச்சிலிலும் பாஸ்பேட் உண்டு. வாயில் போட்டுப் பார்க்கும்போது அது முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும், தண்ணீரில் கழுவினால் போகாது. பாஸ்பாரிக் அமிலத்தால் சுத்தம் செய்தால் இன்னும் மோசம். லேபில் அலுமினா அடித்து அனுப்பினாலும், போட்டுப் பார்த்த பிறகு நான் மறுபடி ஒருமுறை அடிக்கிறேன், அல்லது இதற்கென்றே உள்ள கிளீனிங் பேஸ்ட் தேய்க்கிறேன். இதை வழக்கமாக்கிய பின் 'கேப் கழண்டுடுச்சு' என்று வரும் போன்கள் நன்றாகவே குறைந்தன. சிமென்ட் பிராண்டை மாற்றியதால் இவ்வளவு வித்தியாசம் கிடைத்ததில்லை.

லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி வகை செராமிக் கேப் எளிது. 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் 20 வினாடி, பிறகு சைலேன் என்ற இணைப்புத் திரவம். ஓரத்தில் பல்லின் வெளி அடுக்கான எனாமல் மிச்சம் இருந்தால் பிடி உறுதி. முழுக் கேப்பில் பெரும்பாலும் அதற்கு உள்ளே இருக்கும் டென்டின்தான் கிடைக்கும். அந்த ஒட்டு ஈரத்தில் வருடக்கணக்கில் மெல்ல பலவீனமாகும்.

தனியாக ஆசிட், பாண்டிங் எதுவும் வேண்டாத செல்ஃப் அடெசிவ் வகை வந்தது பெரிய நிம்மதி. அந்த வகை சிமென்ட்டான ரிலைஎக்ஸ் யூனிசெம் 2002இல் வந்தது. உயிருள்ள பற்களில், ஒட்டிய பிறகு கூச்சம் என்று சொல்பவர்கள் குறைவு. ஆனால் எனாமலில் இதன் பிடி சுமார்தான், எனாமலுக்கு மட்டும் ஆசிட் வைத்துவிடுவது நல்லது.

வழிந்த சிமென்ட்டை எடுப்பதுதான் தலைவலி. இரண்டு மூன்று வினாடி லைட் காட்டினால் ரப்பர் போல ஆகும், அப்போதே உரித்துவிட வேண்டும். பல்லிடுக்கில் ஃப்ளாஸ் விடாமல் முழுக்க இறுக விட்டால், அப்புறம் ஈறு வீங்கி ரத்தம் கசியும். நம்ம ஊர் கோடையில் சிமென்ட் இன்னும் சீக்கிரம் இறுகும், ஏசி இல்லாத அறையில் நிதானமாக வேலை செய்ய முடியாது.

இன்னொன்று, நன்றாக ஒட்டிய கேப் முழுசாகக் கழன்று வராது. பின்னால் எடுக்க வேண்டியிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டும், ஜிர்கோனியா என்றால் டயமண்ட் பர் தேய்ந்துவிடும். ரூட் கெனால் சந்தேகம் இருக்கிற பல்லில் அதனால் அவசரப்பட்டு ரெசின் வைப்பதில்லை. கொஞ்ச நாள் தற்காலிக சிமென்ட்டில் விட்டுப் பார்ப்பேன். ஈறுக்குக் கீழே ஓரம் இறங்கி, ரத்தக் கசிவு நிற்காத பல்லுக்கு ரெசின்-மாடிஃபைட் கிளாஸ் அயனோமர்தான் என் தேர்வு. ஈரத்தை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும்.