இடுப்புக் கொழுப்பு: குளிரா, சூடா?

எடை குறைந்த பிறகும் இடுப்பின் இரு பக்கமும் பிதுங்கிய சதை மட்டும் கரையவில்லை. கத்தி வைத்துக்கொள்ள மனமில்லை. மிச்சம் இருந்தவை இரண்டு: கொழுப்பை உறைய வைக்கும் குளிர் சிகிச்சை, சூட்டால் அழிக்கும் லேசர். நான் லேசருக்குப் போனேன்.

இரண்டுமே எடை குறைக்க அல்ல. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பை இரண்டும் தொடாது. செத்த கொழுப்பு செல்களை உடம்பு மெல்ல வெளியேற்றுவதால், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும்.

பெயர் பெற்றது குளிர்தான். அமெரிக்காவில் மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் எஃப்டிஏ 2010-இலேயே இடுப்புப் பக்கங்களுக்கு அனுமதித்துவிட்டது. தோல் தாங்கும் குளிரைக் கொழுப்பு செல் தாங்காது, அதுதான் அடிப்படை. கிண்ணம் போன்ற கருவி சதையை உறிஞ்சிப் பிடித்துக் குளிர்விக்கும். அந்த இடத்துக் கொழுப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையலாம். சில வாரம் மரத்துப்போகும். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்பேன்.

என்னைத் தடுத்தது ஒன்றே ஒன்று. அரிதாகச் சிலருக்குக் கொழுப்பு குறைவதற்குப் பதில் வளர்ந்துவிடுகிறது. சில மாதம் கழித்து, கருவி வைத்த வடிவிலேயே கெட்டியாகப் புடைக்கும். தானாக வடியாது, பட்டினிக்கும் மசியாது. சரிசெய்ய வேண்டுமென்றால் பெரும்பாலும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சையான லைப்போசக்‌ஷன்தான். எந்தக் கத்திக்குப் பயந்து வந்தோமோ, அதனிடமே போய் நிற்க வேண்டும்! மாடல் லிண்டா இவாஞ்சலிஸ்டா தனக்கு இது நேர்ந்ததை 2021-இல் வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சரியாகவில்லை என்றார். ஆண்களுக்கு இந்த அபாயம் சற்றுக் கூடுதல் என்கிறார்கள். நான் ஆண். இப்படிக் கொழுப்பு வளர்ந்ததாக இதுவரை பதிவானவற்றில் பெரும்பாலானவை குளிர் சிகிச்சைக்குப் பின் வந்தவையே.

1060 நானோமீட்டர் லேசர் கொழுப்பை 42 முதல் 47 டிகிரி வரை சூடாக்குகிறது. மேல்தோலைக் கருவியே குளிர வைக்கும். ஒரு சிட்டிங் 25 நிமிடம். சூடு சுருக்கென்று ஏறும், தணியும், மறுபடி ஏறும். வலியை அடக்கிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது. தாங்காத சூட்டைச் சொல்லாவிட்டால் தோல் வெந்துபோகலாம். எனக்கு இடப்பக்கம் பட்டாணி அளவில் ஒரு கட்டி ஆறு வாரம் இருந்து மறைந்தது. மூன்றாம் மாதம் பெல்ட்டுக்கு மேல் பிதுங்குவது குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

என்னுடையது மெல்லிய மடிப்பு. கைநிறையப் பிடிக்கக்கூடிய தடித்த மடிப்புக்குக் குளிரே மேலாக இருக்கலாம். அங்கே என் அனுபவம் உதவாது. கொழுப்பைக் கரைக்கும் டீஆக்ஸிகோலிக் அமில ஊசி நான் போட்டுக்கொண்டதில்லை. அது 2015-இல் அனுமதி பெற்றது தாடைக்குக் கீழே உள்ள கொழுப்புக்குத்தான், இடுப்புக்கு அல்ல.

குளிரையே தேர்ந்தெடுப்பவர்கள் முதல் நாளே படம் எடுத்து, டேப்பால் அளந்து வையுங்கள். மூன்றாம் மாதம் அந்த இடம் குறையாமல் கெட்டியாகப் புடைத்திருந்தால், இன்னொரு சிட்டிங்குக்கு ஒப்புக்கொள்ளாமல் முதலில் மருத்துவரிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.