பெற்றோர் ஆசிரியர் சங்கம்: கட்டும் சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

பிள்ளையை முதலாம் ஆண்டில் சேர்த்ததுமே பெற்றோர் இன்னொரு சேவைக்கும் உறுப்பினராகிவிடுகிறார்கள். யாரும் கேட்டு வாங்குவதில்லை. 1998ஆம் ஆண்டின் கல்வி (பெற்றோர் ஆசிரியர் சங்க) விதிமுறைகளின்படி அரசாங்கப் பள்ளியிலும் அரசாங்க உதவி பெறும் பள்ளியிலும் இந்தச் சங்கம் இருந்தாக வேண்டும். பெற்றோரும் ஆசிரியர்களும் அதன் உறுப்பினர்கள். மலாய்ப் பெயரின் சுருக்கமாக எல்லார் வாயிலும் 'பிஐபிஜி' என்று புழங்கும் இந்தச் சங்கம் கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் எப்படி வேலை செய்கிறது என்பதே இந்த மதிப்பீடு. பள்ளிப் பெயர் எதுவும் இங்கே வராது. சொல்லப்போகும் குறைகள் ஒரே பள்ளியின் சொத்து அல்ல.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். கூடாரம் போடுவது, விளையாட்டுப் போட்டிக்கு உணவுப் பொட்டலம் கட்டுவது, கோத்தோங் ரோயோங் என்ற கூட்டுப்பணிக்கு ஆள் திரட்டுவது ஆகியவற்றில் சங்கத்துக்கு முழு மதிப்பெண். பெற்றோர் சொல்வதை ஆசிரியரும், ஆசிரியர் சொல்வதைப் பெற்றோரும் கேட்கும் இடமாக இருக்கிறதா என்றால், பெரும்பாலும் இல்லை. அதற்குக் காரணம் ஆட்களின் குணமல்ல, அவர்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலி.

பள்ளியை ஒரு சமூக அமைப்பாக முதன்முதலில் ஆழமாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லார்ட் வாலர். பெற்றோரும் ஆசிரியரும் இயல்பிலேயே எதிரெதிர்த் தரப்பு என்று அவர் 1932இலேயே எழுதினார். பெற்றோருக்கு இருப்பது ஒரு பிள்ளை. ஆசிரியருக்கு முன்னால் இருப்பது முப்பது பிள்ளைகள். 'என் மகனை முன்வரிசையில் உட்கார வையுங்கள் டீச்சர்' என்று அம்மா கேட்பது நியாயம். 'முன்வரிசையில் ஆறு இடந்தான்மா இருக்கு' என்று ஆசிரியை சொல்வதும் நியாயம். இந்த இரண்டு நியாயங்களும் அதிகாரபூர்வமாக ஒரே மேசையில் சந்திக்கும் இடம் இந்தச் சங்கம் ஒன்றுதான். ஆகவே அதை அந்த மேசையை வைத்தே எடைபோட வேண்டும், வாங்கிக் கொடுத்த குளிர்சாதனப் பெட்டிகளை எண்ணி அல்ல.

மேசையில் யார் யார்? தலைவர் ஒரு பெற்றோர். தலைமையாசிரியர் ஆலோசகர். செயலாளரும் பொருளாளரும் வழக்கமாகப் பள்ளி ஆசிரியர்கள். முதல் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. செயலாளராக இருக்கும் ஆசிரியருக்கு ஆண்டு மதிப்பீடு போடுபவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். கூட்டத்தில் ஒரு தந்தை எழுந்து நிர்வாகத்தைக் கடுமையாகக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டியவர் அதே நிர்வாகத்தின் கீழ் வேலை செய்பவர். மறு ஆண்டு வாசிக்கும்போது அந்தக் கேள்வி 'பெற்றோர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று தேய்ந்து போயிருக்கும். செயலாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. பதவி எதிர்பார்ப்பதும் ஆளின் தேவையும் மோதும் இந்த நிலையைத்தான் கல்வி ஆய்வாளர்கள் கெட்செல்ஸும் கூபாவும் 1957இல் பள்ளி நிர்வாகத்துக்கான தங்கள் கோட்பாட்டின் மையத்தில் வைத்தார்கள். தீர்வு எளிது: துணைச் செயலாளராக ஒரு பெற்றோர் இருக்கட்டும், கேள்விகளை அவர் எழுதட்டும், இரண்டு வாரத்துக்குள் வரைவுக் குறிப்பு எல்லாருக்கும் போகட்டும். மறுஆண்டு வரை காத்திருந்தால் யாருக்கும் நினைவிருக்காது.

அடுத்த குழப்பம், பள்ளி மேலாளர் வாரியம். உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் நிலம், கட்டடம் தொடர்பான பொறுப்பு அதனிடம் இருக்கிறது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் வேறு, வாரியம் வேறு, முன்னாள் மாணவர் சங்கம் வேறு. இந்த மூன்றின் எல்லையும் மங்கலாக இருப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையை நிர்வாகத்தின் மேல் போட்டது. பள்ளி என்பது தோட்டத்தின் ஒரு கிளையாகவே வளர்ந்தது. தோட்டத் துரையும் அவருடைய எழுத்தரான கிராணியும் சொன்னால் நடக்கும், இல்லாவிட்டால் நடக்காது. கோலாலம்பூரில் எடின்பர்க் தோட்டம், புக்கிட் ஜாலில் தோட்டம் என்று பள்ளிப் பெயரில் தோட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் அடுக்குமாடியும் நெடுஞ்சாலையும்தான். 'பெரியவர் ஒருவர் பார்த்துக்கொள்வார்' என்ற பழக்கமும் அப்படியே ஒட்டியிருக்கிறது. கழிவறைக் கூரை ஒழுகினால் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் எல்லாரும் தலைவரைப் பிடிக்கிறார்கள். கட்டடம் என்றால் வாரியமும் தலைமையாசிரியரும். நிகழ்ச்சி, நிதி, பெற்றோர் குரல் என்றால் சங்கம். ஆசிரியர் இடமாற்றம் இரண்டுக்கும் அப்பாற்பட்டது. நிர்வாகத்திலோ கற்பித்தலிலோ தலையிடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. ஆசிரியரை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வேட்டை நடத்தும் சங்கம், தன்னிடம் இருக்கும் கொஞ்ச நஞ்ச செல்வாக்கையும் செலவழித்துவிடுகிறது.

இனி ஆண்டுப் பொதுக் கூட்டம். சேவையின் தரம் தெரிவது இந்த ஒரு காலையில்தான்.

பெரும்பாலும் நடக்கும் வரிசை: கடவுள் வாழ்த்து, தலைமையாசிரியர் உரை, தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் உரை, மாலை, பொன்னாடை, மாதிரிக் காசோலை, பிறகு கடந்த கூட்டக் குறிப்பு, செயலறிக்கை, கணக்கறிக்கை, தேர்தல், தீர்மானங்கள். கணக்கறிக்கை வரும் நேரத்தில் பின்வரிசை காலி. மீ கோரெங் வாசம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது. 'கணக்கை ஏற்றுக்கொள்ள முன்மொழிகிறேன்', 'வழிமொழிகிறேன்', முடிந்தது. கணக்கை விருந்தினர் உரைக்கு முன்னால் வைக்கும் சங்கத்துக்கு நம் பட்டியலில் தனி மதிப்பெண்.

கையில் கணக்கறிக்கை வந்ததும் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. தொடக்க இருப்பு, போன ஆண்டின் இறுதி இருப்போடு ஒத்துப்போகிறதா? சந்தா வரவை ஒரு குடும்பத்துக்கான தொகையால் வகுத்துப் பாருங்கள். சந்தா 40 ரிங்கிட், குடும்பங்கள் 300 என்றால் வர வேண்டியது 12,000. அறிக்கையில் 8,400 என்று இருந்தால் 210 குடும்பங்கள் கட்டியிருக்கின்றன என்று பொருள். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் செயலறிக்கையும் அதையே சொல்ல வேண்டும். சுற்றுலா, கட்டட நிதி போன்றவை பொதுக் கணக்கில் கலந்திருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். 'பலவகைச் செலவு' மற்ற எல்லாத் தலைப்பையும்விடப் பெரிதாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் கேட்கலாம்.

வரவின் பெரும்பகுதி கெண்டின் நாளிலிருந்து, அதாவது கூப்பன் விற்று நிதி திரட்டும் உணவு விற்பனை நாளிலிருந்து, வருமானால் கூப்பன் கணக்கையும் கேட்க வேண்டும். கூப்பன் புத்தகங்களை மாணவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள், பணத்தை வகுப்பாசிரியர் வசூலிக்கிறார். விற்காத கூப்பன் திரும்பி வந்ததா என்பதை எண்ணாத இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது. அச்சடித்தது எத்தனை, கொடுத்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று வகுப்புவாரியாக ஒரு தாள் போதும். வசூல் மேசையில் பெற்றோர் இருவர் உட்கார்ந்தால் இன்னும் நல்லது. பாடம் நடத்த வேண்டியவர் ஒரு வாரமாகச் சில்லறை எண்ணிக்கொண்டிருப்பதும், 'உன் புத்தகம் மட்டும் இன்னும் வரல' என்று வகுப்பில் ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்துவதும் நிதி திரட்டலின் கணக்கில் வராத செலவுகள்.

பணம் எதற்குப் போகிறது என்பதில் ஒரு பழைய பழக்கம் இன்னும் விடவில்லை. ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிய யூபிஎஸ்ஆர் என்ற அரசாங்கத் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. அதற்கு முன் சங்கப் பணத்தில் கணிசமான பங்கு ஆறாம் ஆண்டுக் கூடுதல் வகுப்புக்கும் தன்முனைப்பு முகாமுக்கும் போகும். எத்தனை 'ஏ' என்பதே பள்ளியின் மானம். தேர்வு போய்விட்டது, வரவு செலவுத் திட்டம் மட்டும் சில இடங்களில் ஆறாம் ஆண்டையே சுற்றுகிறது. வாசிப்பில் தடுமாறும் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று கேட்டால் சங்கத்தின் கவனம் எங்கே என்று தெரிந்துவிடும்.

தீர்மானம் கொண்டுவருகிறவர்கள் 'பாதுகாப்பை மேம்படுத்த வேண்டும்' என்று எழுதினால் அது ஒருமனதாக நிறைவேறி அப்படியே தூங்கும். பள்ளி வாசலில் பகல் நெரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பல பள்ளிகளில் கீழ் வகுப்புகள் முதலிலும் மேல் வகுப்புகள் அரைமணி கழித்தும் முடிகின்றன. வேன்காரருக்கு இரண்டு தரப்பும் வேண்டும், ஆகவே முதல் மணியிலிருந்தே வாசலில் நிற்கிறார். காரில் வரும் பெற்றோர் இரண்டாம் வரிசை போடுகிறார்கள். காவலாளி யாரையும் விரட்ட முடியாது. வாரக் கடமை ஆசிரியர் இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிறார். இங்கே யாரையும் திருத்த வேண்டியதில்லை, நேரத்தையும் இடத்தையும் பிரித்தால் போதும். 'இரண்டாம் மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை வேன்கள் பின்வாசலில் நிற்கும். பொறுப்பு: துணைத் தலைவர். அடுத்த தவணை முதல் நாள் தொடக்கம்' என்று எழுதினால் அது தீர்மானம்.

வீட்டுப்பாடம் அதிகம் என்ற புகாருக்கு இந்த வழி பலிக்காது. பள்ளிகள் தளர்வாகப் பிணைந்த அமைப்புகள் என்று அமைப்பு ஆய்வாளர் கார்ல் வைக் 1976இல் சொன்னது இதற்குப் பொருந்தும்: மேலே எடுத்த முடிவு வகுப்பறைக் கதவுக்குள் போவதற்குள் பாதியாகிவிடும். பாடக் குழுத் தலைவரோடு பேசினால் பலன் விரைவில் தெரியும்.

வகுப்பு வாட்ஸ்அப் குழு சங்கத்தின் பட்டியலில் இல்லை, ஆனால் சங்கத்தைவிட அதற்கு வேகம் அதிகம். தனிப் பிள்ளையின் புகார் அங்கே ஏறினால், வகுப்பாசிரியர் பார்க்குமுன் அதன் படம் தலைமையாசிரியர் கைப்பேசிக்குப் போய்விடும். அதன் பிறகு ஆசிரியர் பேசுவது பிள்ளையைப் பற்றியல்ல, தன்னைக் காத்துக்கொள்வதற்காக. வகுப்பாசிரியர், துணைத் தலைமையாசிரியர், தலைமையாசிரியர் என்ற படிவரிசை சலிப்பூட்டலாம். ஆனால் முதல் படியில் முடியக்கூடிய விஷயம் மூன்றாம் படியில் முடியவே முடியாது.

விலை விவகாரம்: சந்தா குடும்பத்துக்கா, பிள்ளைக்கா என்பதைக் கூட்டத்திலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள். மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு அது பெரிய வித்தியாசம். கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பதிவு செய்ய மறுக்க முடியாது. அரசாங்கத்தின் 150 ரிங்கிட் பள்ளித் தொடக்க உதவித்தொகை கொடுக்கும் நாளில், அதற்குப் பக்கத்திலேயே சந்தா மேசை போடும் சங்கத்துக்கு வசூல் நன்றாக நடக்கும். மதிப்பெண்ணை இங்கே குறைக்கிறோம்.

தலைவர் பதவிக்கு நிற்க நேரமில்லாதவர்கள் கணக்காய்வாளராக நிற்கலாம். செயற்குழுவில் இல்லாத இருவரைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். ரசீதுப் புத்தக அடிக்கட்டை, வங்கி அறிக்கை, கூப்பன் தாள் ஆகிய மூன்றையும் கூட்டத்துக்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்கு முந்தின நாள் இரவு கையெழுத்துக்கு நீட்டப்படும் அறிக்கையில் போடாதீர்கள்.