ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ.யா, ஆல்டிஸ் 1.8-ஆ: கடலூரிலிருந்து ஒரு கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருந்து புதுச்சேரியில் வேலை பார்ப்பதால், என் நாளில் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் சாலையிலேயே கழிகிறது. பத்தாண்டு உழைத்த சிறிய வண்டியைக் கொடுத்துவிட முடிவெடுத்தபோது, அதே அளவில் புதிதாக ஒன்று வாங்கும் பணத்துக்கு, ஓட்டுவதில் சுகமுள்ள பழைய செடான் ஒன்றை வாங்கிவிடலாமே என்ற ஆசை வந்தது. மூன்று மாதம் அலைந்து, 2025 பிப்ரவரியில் 2016-ஆம் ஆண்டின் ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டி.எஸ்.ஐ. ஒன்றை வாங்கினேன். கடைசி வரை அதற்கு எதிரே நின்றது அதே ஆண்டின் டொயோட்டா கொரோலா ஆல்டிஸ் 1.8 பெட்ரோல். வாங்கியவன் எழுதுவது என்பதால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைக்கப்போவதில்லை. ஆனால் ஆல்டிஸை விட்டது எனக்கே எளிதான முடிவாக இருக்கவில்லை.

பட்டியலில் இருந்த வேறு இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்டேவியாவிலேயே வி.ஆர்.எஸ். என்ற 230 பி.எஸ். (குதிரைத்திறன்) வகை 2017-இல் இந்தியாவுக்கு வந்தது. மொத்தமே 500 வண்டிகள்தாம் வந்தன என்பதால், இன்றும் அதன் உரிமையாளர்கள் கேட்கும் விலை என் கைக்கு எட்டவில்லை. மற்றொன்று, 2006-இல் இங்கே வந்த ஹோண்டா சிவிக். அதன் 1.8 லிட்டர் எஞ்சின் 132 பி.எஸ். திறன் தரும், பின்சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உண்டு. இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்ததில் மனம் அதிலேயே தங்கிவிட்டது. ஆனால் அந்தத் தலைமுறை வண்டிகளில் மிக இளையதற்கே பதிவுக் காலமான 15 ஆண்டுகள் முடியச் சில ஆண்டுகளே மீதம், எப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்கும் வேலை தலையில் விழும். போதாக்குறைக்கு, நம் ஊர் வேகத்தடைகளில் அதன் அடிவயிறு உரசும் ஓசையைக் கேட்டுக்கொண்டு தினமும் ஓட்டும் துணிவு எனக்கு இல்லை.

ஓட்டும் சுகம் என்று நான் சொல்வது உச்ச வேகத்தை அல்ல. என் மனைவியின் ஊர் பண்ருட்டி. கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாக அங்கே போகும் சாலையில், ஆலை அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள், இரட்டை டிரெய்லர்களுடன் சாலையின் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும். எதிரே பேருந்து இல்லாத ஓரிரு விநாடி இடைவெளியில் கடந்தாக வேண்டும். இல்லையென்றால் மேல்பட்டாம்பாக்கம் வரை சோகை வாசம்தான். ஆக்டேவியாவின் டர்போ எஞ்சின் 250 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,250 சுழற்சியிலேயே முழுதாகத் தரத் தொடங்கி, 5,000 சுழற்சி வரை அதைத் தளரவிடாமல் வைத்திருக்கிறது. டர்போ இல்லாத ஆல்டிஸ் எஞ்சினோ 140 பி.எஸ். திறன் இருந்தும், தன் 173 நியூட்டன் மீட்டரை எட்ட 4,000 சுழற்சிக்கு ஏற வேண்டும். காகிதத்தில் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு, டிராக்டருக்குப் பின்னால் நிற்கும்போது முழு வேறுபாடாகிவிடுகிறது: ஆக்டேவியாவில் காலை அழுத்திய கணமே வண்டி கிளம்புகிறது, ஆல்டிஸில் முதலில் எஞ்சின் உரக்கக் கத்துகிறது, வேகம் அதன் பின்னால் வந்து சேர்கிறது. நான் பார்த்த ஆல்டிஸில் இருந்த சி.வி.டி. என்ற தானியங்கி கியர்பாக்ஸ், பல்சக்கரங்களுக்குப் பதில் இரு கப்பிகளுக்கிடையே ஓடும் எஃகுப் பட்டையால் வேலை செய்வதன் இயல்பு அது. குறை என்று சொல்லக் கூடாது. ஆறு கியர் மேனுவல் பொருத்திய ஆல்டிஸும் வந்ததுண்டு. அது கிடைத்திருந்தால் இந்தக் கட்டுரையே வேறு மாதிரி இருந்திருக்கலாம். நான் தேடிய மாதங்களில் இந்தப் பக்கத்தில் ஒன்றுகூட விற்பனைக்கு வரவில்லை.

இருக்கை வசதி, ஏ.சி., பாதுகாப்பு ஆகியவற்றில் எனக்கு இரண்டுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் ஆக்டேவியாவின் 590 லிட்டர் டிக்கி, பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் ஏற்றி வருவோருக்கு ஒரு வரம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெட்ரோல் எந்த வண்டிக்கானாலும் புதுச்சேரி எல்லைக்குள்தான் போடப்போகிறோம்.

இனி எல்லாவற்றையும் தீர்மானித்த கியர்பாக்ஸுக்கு வருகிறேன். ஆக்டேவியா 1.8-இல் இருப்பது டி.கியூ.200 என்ற ஏழு கியர் டி.எஸ்.ஜி. வகைத் தானியங்கி கியர்பாக்ஸ். இதில் இரண்டு கிளட்ச்சுகள். ஒன்று ஒற்றைப்படை கியர்களுக்கு, மற்றொன்று இரட்டைப்படை கியர்களுக்கு. ஒரு கியரில் ஓடும்போதே அடுத்தது தயாராகக் காத்திருப்பதால், மாற்றம் கண் இமைக்கும் நேரத்தில் நடந்துவிடும். ஆனால் இவை உலர் கிளட்ச்சுகள். எண்ணெயில் மூழ்கியிராததால், உராய்வில் பிறக்கும் சூட்டை இழுத்துக்கொள்ள அங்கே எதுவும் இல்லை. தவிர, இந்தக் கியர்பாக்ஸ் தாங்கக்கூடிய முறுக்குவிசையின் வரம்பும் 250 நியூட்டன் மீட்டர், எஞ்சின் தருவதும் அதே 250. பாரம் தாங்கும் பலகையின் விளிம்பில் மூட்டையை வைத்தது போன்ற ஏற்பாடு. கியர் மாற்றங்களை ஆளும் மெக்கட்ரானிக்ஸ் என்ற மின்னணு, ஹைட்ராலிக் பகுதியும் இதே கியர்பாக்ஸில் பெயர்போன பலவீனம்தான். 2013-இல் ஸ்கோடாவின் தாய் நிறுவனமான ஃபோக்ஸ்வாகன் உலகெங்கும் பதினாறு லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸின் செயற்கை எண்ணெயைக் கனிம எண்ணெயாக மாற்றிக் கொடுத்தது என்பதிலிருந்தே இதன் வரலாறு புரியும்.

ஆல்டிஸின் சி.வி.டி.க்கு இந்தக் கவலை இல்லை. அங்கே நின்ற இடத்திலிருந்து நகர்வதை, எண்ணெய் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் பார்த்துக்கொள்கிறது. வழுக்குவது எண்ணெய், தேய்வதற்குத் தட்டு இல்லை. புதுச்சேரியில் மரப்பாலத்திலிருந்து நெல்லித்தோப்பு வழியாக இந்திரா காந்தி சதுக்கம் வரை மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். என் மைத்துனர் நெல்லித்தோப்பில்தான் இருக்கிறார். “மாமா, உங்களுக்கு ரெட்டிச்சாவடியில் ரோடு கிடைக்கும், எனக்கு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் விட்ட ஆல்டிஸை அடுத்த மாதம் அவரே வாங்கினார். செய்தது சரி என்றே இன்றும் சொல்வேன்.

அப்படியிருந்தும் நான் ஆக்டேவியா பக்கம் போனதற்குக் காரணம் ஒரு பழைய பில். நான் பார்த்த வண்டி, ஊருக்குள்ளேயே அதிகம் ஓடிய ஒற்றை உரிமையாளர் வண்டி. ஓடியது 58,000 கிலோமீட்டர். சர்வீஸ் கோப்பைப் புரட்டியபோது, 51,000 கிலோமீட்டரில் கிளட்ச் தொகுதி முழுவதும் மாற்றப்பட்டதற்கான பில் இருந்தது: ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் ரூபாய். விற்பவர் அதைச் சற்றுக் கூச்சத்தோடுதான் காட்டினார், வண்டியின் குறையாக நான் எடுத்துக்கொள்வேன் என்று. எனக்கோ அதுதான் அந்த வண்டியின் பெரிய தகுதியாகத் தெரிந்தது. 58,000 ஓடி இன்னும் முதல் கிளட்ச்சிலேயே இருக்கும் வண்டியில் அந்தச் செலவு எனக்காகக் காத்திருக்கிறது. இதில் வேறொருவர் அதைக் கட்டி முடித்துவிட்டார். பழைய வண்டியில் நம்பகம் என்பது மாடலின் பெயருக்குப் பொதுவாக உள்ள புகழைவிட, நம் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டியின் கோப்பில்தான் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

கணக்கை அப்படியே வைக்கிறேன். ஆல்டிஸ் பேசி முடிந்த விலை 8.25 லட்சம்; ஆக்டேவியா 7.75 லட்சம். கியர்பாக்ஸுக்கென்று 1.25 லட்சம் ஒதுக்கி, அதையும் வண்டியின் விலையாகவே பாவித்தால் ஆக்டேவியா 9 லட்சம் ஆகிறது. ஆக, ஓட்டும் சுகத்துக்கு நான் கொடுக்கும் கூடுதல் விலை 75,000 ரூபாய். அதுவும் செலவு வந்தால் மட்டும். மெக்கட்ரானிக்ஸ் முழுதாகப் போய்ப் புதிதாக மாற்ற நேர்ந்தால் இந்த ஒதுக்கீடு போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த வேலையைக் கடலூரில் என் மெக்கானிக் தொடமாட்டார். “எண்ணெய், பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் நான் பார்க்கிறேன் சார், அந்தப் பெட்டியை மட்டும் என்னிடம் கொண்டுவராதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். எனவே வண்டியைத் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பும் செலவையும் மனத்தில் வைத்துத்தான் வாங்கினேன்.

இந்த வகை வண்டியைப் பார்க்கப் போகிறவர்கள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போக வேண்டும். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். பிரேக்கை விட்டதும் வண்டி உதறாமல் ஊர்கிறதா, முதலிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து மூன்றுக்கும் மாறும்போது நடுக்கம் வருகிறதா என்று லேசான காலோடு கவனிக்க வேண்டும். பிறகு அரைமணி நேரம் நெரிசலில் ஊர்ந்து சூடேற்றி, மேட்டில் நிறுத்தி, அதையே மறுபடி பார்க்க வேண்டும். கடைசியாக, ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரை அழைத்துப்போய்க் கியர்பாக்ஸில் பதிந்துள்ள பிழைக் குறியீடுகளைப் படிக்கச் சொல்ல வேண்டும். அதற்கு விற்பவர் தயங்கினால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஓட்டும் முறையிலும் ஒரு பழக்கம் வேண்டும். பிரேக்கை நன்றாக மிதித்து நின்றால் கிளட்ச் முழுதாக விலகிக்கொள்ளும். அரைகுறையாக மிதித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தால்தான் அது வழுக்கிச் சூடேறித் தேய்கிறது. எனவே நெரிசலில் முன்வண்டியை ஒட்டாமல், இரண்டு வண்டி நீளம் இடம் விட்டு நின்று, ஒரே தடவையாக நகர்கிறேன். அந்த இடத்தில் உடனே இரண்டு ஸ்கூட்டர்கள் வந்து நுழைந்துவிடும் என்பது புதுச்சேரியை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல.

எந்த வண்டியானாலும் இந்தப் பக்கத்தில் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. ஒன்று, வெள்ளம். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை கடலூருக்குள் புகுந்தது. நான் தேடத் தொடங்கியது அதற்குப் பிந்தைய வாரங்களில். மினுமினுவென்று துடைத்து நிறுத்தியிருந்த ஒரு வண்டியில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தபோது, அடிப்பகுதியில் சேற்றுக்கோடு இருந்தது. விற்றவர் வாய் திறக்கவில்லை, நானும் விலை கேட்கவில்லை. இரண்டாவது, பதிவு. புதுச்சேரிப் பதிவான பி.ஒய். எண்ணுள்ள வண்டியை வாங்கிக் கடலூரில் நிரந்தரமாக வைத்துக்கொள்வதானால் அங்கிருந்து என்.ஓ.சி. என்ற தடையின்மைச் சான்று பெற்று, இங்கே ஆயுள் வரி கட்டி, பதிவை மாற்ற வேண்டும். விலை மலிவாகத் தோன்றுவதில் ஒரு பங்கு இங்கே திரும்பிப் போய்விடும்.

என் அனுபவத்தின் அளவையும் சொல்ல வேண்டும். பதினொரு மாதங்களில் 14,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். எண்ணெய் மாற்றமும் முன் பிரேக் பேடும் தவிர செலவு இல்லை. ஒரு முழுக் கோடையைத் தாண்டியிருக்கிறது, அவ்வளவே. கடற்காற்றின் உப்பு ஏ.சி. கண்டென்சரையும் அடிப்பாகத்தையும் என்ன செய்யும் என்பது மூன்று, நான்கு ஆண்டுகளில்தான் தெரியவரும். மறுவிற்பனையில் ஆல்டிஸ் என்னுடையதை எளிதாக வெல்லும்; கியர்பாக்ஸின் பெயரைக் கேட்டே பாதிப்பேர் திரும்பிப்போவார்கள், மீதிப்பேர் நான் கேட்ட அதே கோப்பைக் கேட்பார்கள். அதனால் ஒவ்வொரு பில்லையும் அந்தக் கோப்பிலேயே அடுக்கி வைக்கிறேன். ஒதுக்கிய 1.25 லட்சம் வங்கியில் வைப்பாகக் கிடக்கிறது. இதுவரை அதில் கை வைக்க நேரவில்லை.