இயர்பட்ஸ் இணையவில்லையா? போனை ரீசெட் செய்வதா, பட்ஸை ரீசெட் செய்வதா

நேற்று வரை மூடியைத் திறந்த உடனே போனோடு ஒட்டிக்கொண்ட இயர்பட்ஸ், இன்று "இணைக்க முடியவில்லை" என்று அடம்பிடிக்கிறது. அல்லது புளூடூத் பட்டியலில் பெயரே வருவதில்லை. இந்த இடத்தில் எல்லோரும் கைவைப்பது மூன்று வழிகளில்தான். போனில் அந்த இயர்பட்ஸை ஃபர்கெட் கொடுத்துவிட்டு (சேமித்த பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு) மறுபடி பேர் செய்வது, அதாவது புதிதாக ஜோடி சேர்ப்பது, முதல் வழி. போனின் நெட்வொர்க் செட்டிங்ஸை மொத்தமாக ரீசெட் செய்வது இரண்டாவது. போனை விட்டுவிட்டு இயர்பட்ஸையே ஃபேக்டரி ரீசெட் செய்வது, அதாவது வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோவது, மூன்றாவது.

சமீபத்தில் எனக்கு இந்தத் தொல்லை வந்தபோது நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி. இப்போது யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்கிறேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

அதற்கு முன்னால் சில்லறை விஷயங்களை முடித்துவிடுவோம். சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்கள், பட்ஸில் மட்டுமல்ல, கேஸிலும். போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அப்புறம், வீட்டில் வேறு எந்தக் கருவியோடு இந்த இயர்பட்ஸ் பழகியிருக்கிறது என்று யோசியுங்கள். அடுத்த அறையில் லேப்டாப் விழித்திருந்தால், மூடியைத் திறந்ததும் பட்ஸ் அதோடு போய்ச் சேர்ந்திருக்கலாம். போனுக்கு அது "காணவில்லை" என்றுதான் தெரியும். லேப்டாப், டேப்லெட், டிவி எல்லாவற்றிலும் புளூடூத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பாதிப் புகார்கள் இங்கேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லை என்றால்தான் மூன்று வழிகளுக்குள் எது என்ற கேள்வி. அதைத் தீர்மானிப்பது ஒரே விஷயம்: பழைய நினைவு எந்தப் பக்கத்தில் தங்கியிருக்கிறது?

முதல் தடவை பேர் செய்யும்போது போனும் இயர்பட்ஸும் சேர்ந்து 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசியச் சாவியை உருவாக்கி, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்கின்றன. அதன்பிறகு ஒவ்வொரு முறை இணையும்போதும் அந்த இரண்டு பிரதிகளும் பொருந்துகின்றனவா என்றுதான் சரிபார்ப்பு நடக்கிறது. ஒரு பக்கத்தில் அழிந்து மறுபக்கத்தில் மட்டும் மிஞ்சினாலோ, ஏதோ ஒரு அப்டேட்டில் ஒன்று கெட்டுப்போனாலோ, சரிபார்ப்பு தோற்றுவிடும். போன் இணைக்கப் பார்க்கும், ஒரு நொடி "இணைக்கிறது" என்று காட்டும், அப்புறம் கைவிட்டுவிடும்.

ஃபர்கெட் கொடுத்தால் அழிவது போனில் இருக்கும் பிரதி மட்டும்தான். இயர்பட்ஸ் தன் பிரதியை அப்படியே வைத்திருக்கும். பேரிங் மோடுக்கு, அதாவது புதுக் கருவியோடு ஜோடி சேரத் தயாராக நிற்கும் நிலைக்கு, ஒழுங்காகப் போகிற இயர்பட்ஸ் என்றால் இது ஒரு பிரச்சினையே இல்லை. புதிதாகப் பேர் செய்யும்போது பழைய சாவியின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். ஆகவே ஃபர்கெட் வழியை நான் மட்டம் என்று சொல்லவில்லை. அரை நிமிட வேலை, வேறு எதுவும் கெடாது. ஆனால் சிக்கல் வருகிற நேரத்தில் இயர்பட்ஸ் பெரும்பாலும் பேரிங் மோடுக்கே போகாமல், பழைய போனையே தேடிக்கொண்டிருக்கும். பேரிங் மோடில் இல்லாத கருவி புளூடூத் தேடலில் தென்படாது. போனில் எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் பெயர் வராதது அதனால்தான்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒயர் இல்லாத பட்ஸில் இடது, வலது என்று இருப்பவை இரண்டு தனித்தனிக் கருவிகள். அவை போனை நினைவில் வைத்திருப்பது போலவே ஒன்றையொன்றும் நினைவில் வைத்திருக்க வேண்டும். அந்த உள் இணைப்பு அறுந்துபோனால் போனில் விசித்திரமான அறிகுறிகள் தெரியும். ஒரே பெயர் பட்டியலில் இரண்டு தடவை வரும். ஒன்றை இணைத்தால் இடது காதில் மட்டும் பாட்டு கேட்கும், மற்றதை இணைத்தால் வலது காதில் மட்டும். இந்த நிலையில் போனில் என்ன செய்தாலும் பயனில்லை. ஃபர்கெட் கொடுக்கலாம், நெட்வொர்க் ரீசெட் செய்யலாம், புதுப் போனே வாங்கலாம். கெட்டுப்போன நினைவு இருப்பது பட்ஸுக்குள்ளே. அதைத் துடைக்கிற வழி பட்ஸ் பக்கத்து ரீசெட் மட்டும்தான். போன் சாவி, ஜோடி இணைப்பு இரண்டையும் ஒரே வேலையில் புதுப்பிக்கிறது என்பதால்தான் நான் அந்தப் பக்கம் சாய்கிறேன்.

செய்முறையில் வரிசை முக்கியம். முதலில் போனில் ஃபர்கெட். மற்ற கருவிகளில் புளூடூத் அணைந்திருக்கட்டும். பிறகு இரண்டு பட்ஸையும் கேஸில் வைத்து ரீசெட். கேஸின் பின்புறம் பட்டன் உள்ள ஆப்பிளின் ஏர்பாட்ஸில் மூடியை 30 வினாடி மூடி வைத்துவிட்டுத் திறந்து, அந்தப் பட்டனைச் சுமார் 15 வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். விளக்கு முதலில் ஆரஞ்சு நிறத்தில் மின்னி, பிறகு வெள்ளையாக மாறும். வெள்ளை மின்னியபிறகே விரலை எடுக்க வேண்டும், ஆரஞ்சைப் பார்த்ததும் விட்டுவிட்டால் வேலை பாதியில் நிற்கும். மற்ற நிறுவனங்களின் மாடல்களில் வினாடிக் கணக்கும் விளக்கின் நிறமும் மாறும். கையேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டுமாவது பார்த்துவிடுங்கள்.

ரீசெட் எடுபடவே இல்லையென்றால் கேஸுக்குள் எட்டிப் பாருங்கள். பட்ஸ் உட்காரும் குழியின் அடியில் குண்டூசித் தலை அளவில் உலோகப் புள்ளிகள் தெரியும். அவற்றில் அழுக்கு படிந்தால், பட்ஸுக்குத் தான் கேஸில் இருப்பதே தெரியாது. வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டு பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. பட்ஸின் அடியிலும் அதே புள்ளிகள் உண்டு. உலர்ந்த காட்டன் பட்ஸால் இரண்டு பக்கமும் துடைத்தால் போதும், ஒட்டியிருக்கும் காது மெழுகு போகவில்லை என்றால் துளி ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுக்கொள்ளலாம். புதிதாக வாங்கியது என்றால், அந்தப் புள்ளிகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒட்டி வந்திருக்கும், அதை உரித்தீர்களா என்று பாருங்கள்.

மறுபடி பேர் செய்யும்போது இன்னொரு இடறல். சில மாடல்கள் பட்டியலில் இரண்டு பெயரோடு வரும், ஒன்றின் முன்னால் எல்இ என்ற எழுத்துகள் இருக்கும். அது குறைந்த மின்சக்தியில் ஆப்போடு பேசுவதற்கான பெயர். அதைத் தொட்டால் இணைந்தது போலத் தோன்றும், பாட்டு வராது. முன்னொட்டு இல்லாத பெயரைத் தொடுங்கள்.

இந்த வழியிலும் இழப்பு உண்டு. லேப்டாப், டேப்லெட் என்று பழகிய எல்லாவற்றோடும் மறுபடி பேர் செய்ய வேண்டும். ஏர்பாட்ஸை ஐபோனில் ஃபர்கெட் கொடுத்தால், அதே ஐகிளவுட் கணக்கில் உள்ள மற்ற கருவிகளிலிருந்தும் அது நீங்கிவிடும். இன்னொன்று, கேஸில் பட்டனே இல்லாமல் ஆப் வழியாக மட்டும் ரீசெட் ஆகிற மாடல்களும் இருக்கின்றன. இணைந்தால்தான் ஆப் திறக்கும், இணையவில்லை என்பதுதானே பிரச்சினை! அத்தகைய மாடல்களை நான் அதிகம் புழங்கியதில்லை. அங்கே இரண்டு பட்ஸையும் சேர்த்துத் தொட்டுப் பிடித்துப் பேரிங் மோடுக்குக் கொண்டுபோகும் வசதி இருந்தால் அதைத் தொடங்குபுள்ளியாக வையுங்கள். என் பரிந்துரை அந்த மாடல்களுக்கு இதே உறுதியோடு பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

நெட்வொர்க் ரீசெட்டை நான் கடைசியில் வைப்பதற்குக் காரணம் அது வாங்கும் விலை. ஆண்ட்ராய்டில் சேமித்த வைஃபை பாஸ்வேர்டுகள் போகும், வாட்ச், கார், கீபோர்டு என்று பேர் செய்த அத்தனையும் போகும். ஒரு ஜோடி இயர்பட்ஸுக்காக ஒரு மாலைப்பொழுதே கரையும். ஆனாலும் அதுதான் சரியான மருந்து என்கிற ஒரு நிலை உண்டு. இயர்பட்ஸை வேறொருவரின் போனோடு பேர் செய்து பாருங்கள். அங்கே சட்டென்று இணைந்து, உங்கள் போன் மட்டும் இதையும் மறுத்து, வேறு ஸ்பீக்கரையும் மறுத்தால், கோளாறு போனில்தான். அப்போது தயங்காமல் செய்யுங்கள், வைஃபை பாஸ்வேர்டுகளை முதலில் எழுதி வைத்துக்கொண்டு. இரண்டு போன்களிலும் இணையவில்லை என்றால் உங்கள் போனை நோண்டுவதை நிறுத்திவிட்டுக் கேஸை எடுங்கள்.

மூன்று வழிகளில் எதுவும் உதவாத ஒன்று, பிறர் பயன்படுத்திய ஏர்பாட்ஸை வாங்குவது. பழைய உரிமையாளர் தன் ஆப்பிள் கணக்கிலிருந்து அதை நீக்காமல் கொடுத்திருந்தால், எத்தனை முறை ரீசெட் செய்தாலும் அந்தப் பிணைப்பு போகாது. விற்றவரிடம் சொல்லி, அவருடைய ஃபைண்ட் மை (கருவி எங்கே இருக்கிறது என்று தேடித்தரும் ஆப்பிள் ஆப்) பட்டியலிலிருந்து நீக்கச் செய்வதுதான் வழி. பணம் கொடுப்பதற்கு முன்பே, அவர் எதிரில் உங்கள் போனோடு பேர் செய்து பார்த்துவிடுங்கள்.