காலையை விடுவதா, இரவை விடுவதா, ஏகாதசியா?

ஆடி மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி என்ற ரத்தச் சர்க்கரை அளவு 6.1 என்று வந்தது. 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம். டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "அஞ்சு கிலோ குறைங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார். எனக்கு 46 வயது, 81 கிலோ, திருச்சியில் நாற்காலி வேலை. பட்டினி கிடந்து பழக்கமே இல்லை. அம்மா ஏகாதசி இருக்கும் நாளிலும் அவர் கையால் நாலு தோசை வாங்கித் தின்றவன் நான்.

டாக்டரிடம் சொல்லிவிட்டு நான்கு விரத முறைகளை ஒவ்வொன்றும் நான்கு வாரம் என்று செய்து பார்த்தேன். எடை, இடுப்பளவு, காலை வெறும் வயிற்றுச் சர்க்கரை மூன்றையும் ஒரு பழைய டைரியில் குறித்துவந்தேன்.

முதலில் எல்லோரும் செய்கிற 16:8. காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடுவது. இரண்டாம் நாளே தலை பிளந்தது. பசிதான் காரணம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சர்க்கரையில்லாத கடுங்காப்பி அரை டம்ளர் குடித்ததும் அரை மணியில் வலி போய்விட்டது. முப்பது வருஷமாக காலை ஆறு மணிக்குப் போன ஃபில்டர் காபி அன்றைக்குப் போகவில்லை, அவ்வளவுதான். பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் சேர்ந்த காபி 100 கலோரிக்குப் பக்கத்தில் வரும். அதைக் குடித்துவிட்டு விரதம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பட்டினி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டவர்களில் பாதிப்பேர் காபியிடம் தோற்றவர்கள் என்பது என் சந்தேகம்.

முதல் வாரம் எடை 1.6 கிலோ இறங்கியதும் வீட்டில் பெருமையடித்தேன். அது கொழுப்பு இல்லை. கல்லீரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்திருக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கிறது. அது செலவாகும்போது தண்ணீரும் வெளியேறுகிறது, கூடவே உப்பும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவதற்கு அதுவும் ஒரு காரணம். மோரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு மதியம் குடிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அது வரவில்லை. நான்கு வாரம் முடிவில் மிச்சமிருந்த இறக்கம் 0.9 கிலோ.

ஏன் அவ்வளவு குறைவு என்றால், 12 மணிக்கு டப்பாவைத் திறக்கும்போது கை நிற்காது. பசியோடு உட்கார்ந்தால் சோறு இரண்டு மடங்கு. இரவு வீடு திரும்பவே எட்டேகால் ஆகிவிடும்; எட்டு மணிக் கதவு ஒன்பதரைக்குத்தான் சாத்தப்பட்டது. 16 மணி நேரப் பட்டினி என் வீட்டில் நடைமுறையில் பதினான்கரைதான். ஆராய்ச்சிகளும் இதை ஒட்டியே பேசுகின்றன. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 116 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியம் 12 முதல் 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடை இறக்கத்தில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. சீனாவின் குவாங்சௌவில் 139 பேரை ஒரு வருஷம் கவனித்த 2022 ஆய்வில் இரு தரப்புக்கும் கலோரியைக் குறைத்தார்கள். ஒரு தரப்புக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரக் கட்டுப்பாடும் வைத்தார்கள். நேரக் கட்டுப்பாட்டுத் தரப்புக்கு 8 கிலோ இறங்கியது, மற்றவர்களுக்கு 6.3 கிலோ. அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் தேறவில்லை. மந்திரம் கடிகாரத்தில் இல்லை, தட்டில்தான்.

5:2 முறையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2012-இல் பிபிசி ஆவணப்படம் ஒன்றின் மூலம் அதன் தொகுப்பாளர் மைக்கேல் மோஸ்லி பிரபலப்படுத்தியது. வாரத்தில் ஐந்து நாள் வழக்கம்போல், இரண்டு நாள் பெண்களுக்கு 500, ஆண்களுக்கு 600 கலோரி. எடை நன்றாகவே இறங்கியது, 1.7 கிலோ. ஆனால் நம் சாப்பாட்டை யார் எண்ணுவது? ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் 40 கலோரி. மிளகாய்ப்பொடியில் குழி செய்து ஊற்றியது எத்தனை கரண்டி என்று மனைவியிடம் கேட்டபோது அவர் பார்த்த பார்வையில் அந்தச் சோதனை முடிந்தது.

ஏகாதசி வேறு ஜாதி. தசமி இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டால் துவாதசி காலை ஆறரைக்குப் பாரணை, அதாவது விரதம் முடிக்கும் சாப்பாடு; இடையில் 34 மணி நேரத்துக்கும் மேல். அம்மாவுக்குத் துளசி தீர்த்தம் போதும். நான் தண்ணீர் தாராளமாகக் குடித்தேன். பதினொரு மணிக்குப் பசி வந்து வயிற்றைப் பிசைந்தது. பதினொன்றேமுக்காலுக்கு அது போய்விட்டது, நான் எதுவும் செய்யாமலே. பசி ஏறிக்கொண்டே போகும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன். அது அலைபோல வந்து திரும்புவது. மாலை ஐந்து மணி அலைதான் பெரியது. இரவு கை கால் சில்லிட்டது, தூக்கம் சரியில்லை.

மறுநாள் அம்மா அகத்திக்கீரை, நெல்லிக்காய்ப் பச்சடி, சுண்டைக்காய் வற்றலோடு சாதம் போட்டார். "கொஞ்சமா சாப்பிடுடா, வயிறு காஞ்சிருக்கு" என்றார். கேட்டுக்கொண்டேன். அலுவலகம் போகிற வழியில் ஒரு பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிட்டேன். பத்து மணிக்கு மேல் அன்றைக்கு என்னை யாரும் என் இடத்தில் பார்த்திருக்க முடியாது.

மாதத்துக்கு இரண்டு நாள் பட்டினியால் எடை அசையவில்லை. ஆனால் நான்கில் வீட்டுச் சண்டை இல்லாமல் நடந்தது இதுதான். தேதியைப் பஞ்சாங்கம் சொல்லிவிடுகிறது, வீட்டில் யாரும் "ஒரு வாய்" என்று வற்புறுத்துவதில்லை. 24 மணி நேரம் தாண்டினால் செல்கள் தம்மைத்தாமே சுத்தம் செய்துகொள்ளும், அதற்கு நோபல் பரிசே கொடுத்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும். 2016-இல் ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்குப் பரிசு கிடைத்தது உண்மை. அவர் அந்த இயக்கத்தைக் கண்டறிந்தது ஈஸ்ட் செல்களில். மனிதர் எத்தனை மணி நேரம் கிடக்க வேண்டும் என்று அந்தப் பரிசு சொல்லவில்லை.

கடைசியாக இரவை விடுவது. சமணர்கள் காலங்காலமாகச் செய்வது. வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணர் வீடுகளில் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாத வழக்கம் உண்டு. நான் ஐந்தரைக்கு அலுவலகத்திலேயே எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோன மூன்று இட்லியோ சுண்டலோ சாப்பிட்டு ஆறு மணிக்குக் கடையைச் சாத்தினேன். மறுநாள் காலை எட்டரை வரை பதினான்கரை மணி நேரம். காலை ஆறு மணிக்குக் கடுங்காப்பி.

முதல் ஐந்து இரவுகள் கொடுமை. தோசைக்கல்லில் மாவு விழும் அந்த "சொய்ங்" சத்தத்துக்கு மாடிக்குப் போய்விடுவேன். மகள் தனியாகச் சாப்பிட மாட்டேன் என்றாள்; வெந்நீர் டம்ளரோடு பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. கல்யாண வரவேற்பு என்றால் அன்றைக்கு விடுமுறை. ஆனால் வருஷக்கணக்காக இருந்த நடுராத்திரி நெஞ்செரிச்சல் இரண்டாம் வாரம் காணாமல் போனது. எடை 1.5 கிலோ, இடுப்பு ஒன்றரை அங்குலம். காலைச் சர்க்கரை 112-லிருந்து 103 பக்கம் வந்தது, வீட்டு மீட்டர் 15 சதவீதம் வரை தள்ளிக் காட்டும் என்றாலும். 2018-இல் வந்த ஒரு சிறிய ஆய்வும் இந்தப் பக்கமே சாய்கிறது: சர்க்கரைக்கு முந்தைய கட்டத்தில் இருந்த ஆண்கள், பிற்பகல் 3 மணிக்குள் கடைசிச் சாப்பாடு, ஐந்து வாரம். எடை குறையாமலே இன்சுலின் நன்றாக வேலை செய்தது, ரத்த அழுத்தமும் இறங்கியது. மொத்தம் எட்டே பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பல நாள் தண்ணீர் விரதம் என் பட்டியலில் இல்லை. 1965-66-இல் ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரி 382 நாள் உணவின்றி இருந்ததை எடுத்துக்காட்டுபவர்கள், டண்டீ மருத்துவர்கள் அவரைக் கண்காணித்ததையும் அவருக்கு வைட்டமின் கொடுத்ததையும் விட்டுவிடுகிறார்கள். இன்சுலின் போடுகிறவர்களும் கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்களும் இந்த நான்கில் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது, சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இது வேண்டவே வேண்டாம்.

புதிதாகத் தொடங்குகிறவர் என்னைக் கேட்டால் ஒரே ஒரு ஏகாதசி இருந்து பசியின் முகத்தைப் பார்க்கச் சொல்வேன். அப்புறம் இரவை விடுங்கள். காலையை விடுவது இரவு ஏழுக்குள் வீடு சேர்பவர்களுக்குச் சரிப்படலாம்.

கார்த்திகையில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 5.9. எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், அந்தப் புள்ளிகள் எந்த முறைக்குச் சேரும் என்று பிரிக்க வழியில்லை. இப்போது மாலை ஆறு மணியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். மாசியில் அடுத்த சீட்டு.