இரண்டாவது வாரம் சொன்ன தீர்ப்பு: லைட்இயர், எலிமென்டல், எலியோ

1.81 கோடி டாலர், 1.84 கோடி டாலர். முதல் தொகை, அமெரிக்க அனிமேஷன் ஸ்டுடியோவான பிக்ஸாரின் 'லைட்இயர்' 2022 ஜூனில், தன் இரண்டாவது வார இறுதியில் வட அமெரிக்காவில் எடுத்த வசூல். அடுத்தது, ஓராண்டு கழித்து அதே ஸ்டுடியோவின் 'எலிமென்டல்' தன் இரண்டாவது வார இறுதியில் எடுத்தது. கிட்டத்தட்ட ஒரே பணம். ஆனால் லைட்இயருக்கு அந்தப் பணம் வந்தபோது படம் படுத்துவிட்டது என்று தெரிந்துபோனது. எலிமென்டலுக்கு வந்தபோது படம் பிக்கப் ஆகிறது என்று தெரிந்தது.

காரணம், இரண்டும் எங்கிருந்து அந்த இடத்துக்கு வந்தன என்பதுதான். லைட்இயர் முதல் மூன்று நாளில் 5.06 கோடி எடுத்துவிட்டு, ஒரே வாரத்தில் 64 சதவீதம் சரிந்தது. எலிமென்டல் வெறும் 2.96 கோடியில் ஆரம்பித்து, 38 சதவீதம்தான் இறங்கியது.

இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். ஒப்பிட இதைவிடப் பொருத்தமான ஜோடி சுலபமாகக் கிடைக்காது. இரண்டுக்கும் பட்ஜெட் சுமார் 20 கோடி டாலர். இரண்டும் ஜூன் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை ரிலீஸ். விமர்சகர்கள் தந்த ஆதரவுகூட இரண்டுக்கும் நூற்றுக்கு எழுபத்துச் சொச்சம்தான். அந்த எண்களை மட்டும் பார்த்தால் எந்தப் படம் எது என்று அடையாளமே தெரியாது. கடைசியில் உலக வசூலில் லைட்இயர் 22.6 கோடியில் நின்றது. எலிமென்டல் 49.6 கோடி வரை போனது.

முதலில் ஏற்கெனவே தெரிந்த பெயர் உள்ள படத்தைப் பார்ப்போம். 'டாய் ஸ்டோரி' படங்களில் வரும் பொம்மை விண்வெளி வீரன் பஸ் லைட்இயர், 1995-லிருந்து குழந்தைகளுக்குத் தெரிந்த முகம். பெயருக்காகவே ஒரு கூட்டம் முதல் வாரம் வரும், வந்தது. ஆனால் திரையில் வந்தவர் அவர்கள் அறிந்த பஸ் இல்லை. பொம்மை பஸ்ஸுக்குக் குரல் கொடுத்த டிம் ஆலன் இல்லை, அவருக்குப் பதில் கிறிஸ் எவன்ஸ். வுட்டி இல்லை, ஆண்டியின் அறை இல்லை. ஆண்டி என்ற சிறுவனுக்கு 1995-ல் அவனுக்குப் பிடித்த சினிமாவிலிருந்து ஒரு பொம்மை கிடைத்தது, அந்த சினிமாதான் இது என்று படத்தின் தொடக்கத்தில் எழுத்தில் போடுகிறார்கள். என் மகளுக்கு அப்போது எட்டு வயது. "அப்போ இவரு பொம்மை பஸ்ஸா, நிஜ பஸ்ஸா?" என்று கேட்டாள். பதில் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து அதையே மறுபடி கேட்டாள். அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாத படத்தை, மறுநாள் பள்ளியில் தோழியிடம் ஒரு குழந்தை எப்படிச் சொல்லும்?

லைட்இயருக்கு வேறு தடைகளும் இருந்தன, அதை மறைக்கக் கூடாது. இரண்டு பெண்கள் முத்தமிட்டுக்கொள்ளும் ஒரு சின்னக் காட்சிக்காக சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், மலேசியா உட்படப் பல நாடுகளில் படம் வெளியாகவில்லை. அமெரிக்காவில் ஜுராசிக் வேர்ல்ட் வரிசையின் புதிய படம் இரண்டாவது வாரத்திலும் முதலிடத்தை விடவில்லை. ஆனாலும் இவை இரண்டாவது வாரச் சரிவுக்கு முழு விளக்கம் ஆகாது. வெளிநாட்டுத் தடை அமெரிக்காவில் டிக்கெட்டைக் குறைக்காது. குடும்பங்கள் தியேட்டருக்கு வருவதை நிறுத்திவிட்டன என்று அப்போது பரவலாகச் சொன்னார்கள். ஜூலை 1 அன்று மினியன்ஸ் படம் வந்து முதல் மூன்று நாளிலேயே 10 கோடியைத் தாண்டியதும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

இப்போது எலிமென்டல். இதற்குத் தெரிந்த பெயரும் இல்லை, பழைய பாத்திரமும் இல்லை. 2023 கான் திரைப்பட விழாவின் நிறைவுப் படமாகத் திரையிட்டார்கள். அங்கிருந்து வந்த முதல் விமர்சனங்களில் பெரிய உற்சாகம் இல்லை. வெளியான வாரத்தில் ஒருபக்கம் 'தி ஃப்ளாஷ்', இன்னொரு பக்கம் மூன்றாவது வாரத்திலும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பைடர்மேன் அனிமேஷன். பணவீக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அன்றைக்குப் பிக்ஸார் கண்டதிலேயே மிகக் குறைந்த தொடக்கம் இதுதான். திங்கட்கிழமை காலையிலேயே 'ஃப்ளாப்' என்று எழுதி முடித்துவிட்டார்கள். இயக்குநர் பீட்டர் சோனின் முந்தைய படமான 'தி குட் டைனோசர்' சரியாகப் போகாதது வேறு எல்லோருக்கும் ஞாபகம் வந்தது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இரவே வேறொரு சேதி வந்திருந்தது. அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம். படம் வெளியாகும் முதல் இரவில், தியேட்டர் வாசலிலேயே பார்வையாளர்கள் கையில் ஒரு சின்ன அட்டையைக் கொடுத்து, பள்ளிக்கூட கிரேடு மாதிரி படத்துக்கு ஏ முதல் எஃப் வரை போடச் சொல்வார்கள். எலிமென்டலுக்குக் கிடைத்தது 'ஏ'. லைட்இயருக்கு 'ஏ மைனஸ்'. வெளியிலிருந்து பார்த்தால் இது ஒரு வித்தியாசமா என்று தோன்றும். பிக்ஸார் படங்களுக்கு 'ஏ'தான் வழக்கம், 'ஏ மைனஸ்' விதிவிலக்கு. முதல் நாள் வருகிறவர்கள் எப்படியும் அந்தப் படத்தை விரும்பி வருகிறவர்கள். அவர்களே ஒரு படி குறைத்துப் போடுகிறார்கள் என்றால் வீட்டுக்குப் போய் யாரிடமும் சிபாரிசு செய்யமாட்டார்கள் என்று அர்த்தம்.

எலிமென்டலை அடுத்தவர்களிடம் சொன்னார்கள். மூன்றாவது வார இறுதியிலும் 1 கோடிக்குக் குறையவில்லை. வட அமெரிக்க மொத்தம் 15.4 கோடி, அதாவது தொடக்கத்தைப் போல ஐந்து மடங்கு. லைட்இயரின் மொத்தம் 11.8 கோடி, இரண்டேகால் மடங்குதான்.

இந்தக் கதையில் நான் அதிக நேரம் நிற்க விரும்பும் இடம் தென் கொரியா. அங்கே எலிமென்டல் முதலிடத்தில் தொடங்கவில்லை. ஒரு உள்ளூர் அதிரடிப் படம் முன்னால் இருந்தது. நாள் ஆக ஆக மேலே ஏறி முதலிடம் பிடித்தது. 70 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்று, அந்த ஆண்டில் கொரியாவில் அதிகம் வசூலித்த வெளிநாட்டுப் படமானது. குழந்தைகளோடு வந்த பெற்றோர் மட்டும் இல்லை, இருபது முப்பது வயதுக்காரர்களும் வந்தார்கள். சோனின் பெற்றோர் கொரியாவிலிருந்து நியூயார்க் வந்து பிராங்க்ஸில் மளிகைக்கடை நடத்தியவர்கள். படம் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே இருவரும் காலமானார்கள். நெருப்பு, நீர் எல்லாம் மனிதர்களைப் போல வாழும் இந்தப் படத்திலும் நெருப்பு இனத்து அப்பா பெர்னி ஒரு கடைதான் நடத்துகிறார். மகள் எம்பர் அதை ஏற்று நடத்தவேண்டும் என்பது அவர் ஆசை.

அதில் ஒரு வணக்கம் வருகிறது. ஊரை விட்டுக் கிளம்பும்போது பெர்னி தன் அப்பாவின் முன் மண்டியிட்டு, தலை தரையைத் தொடும்படி வணங்குகிறார். அவர் போவதில் விருப்பமில்லாத அப்பா பதிலுக்கு வணங்குவதில்லை. படத்தின் கடைசியில் எம்பர் வேலைக்காக வெளியூர் கிளம்புகிறாள். கப்பல் ஏறப்போனவள் திரும்பி, அப்பாவைப் பார்த்து அதே மாதிரி மண்டியிட்டு வணங்குகிறாள். பெர்னி ஒரு நொடி நிற்கிறார். பிறகு அவரும் மண்டியிட்டு வணங்குகிறார். வசனமே இல்லை. வெளியூர் கிளம்பும்போது பெரியவர்கள் காலில் விழுந்து எழும் வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த இடத்தில் எனக்கு யாரும் எதையும் விளக்கத் தேவைப்படவில்லை. கொரியாவில் இன்னும் அதிகம் புரிந்திருக்கும், அது அவர்கள் வணக்கமேதான். என் மகள் இந்தப் படத்தை வீட்டில் ஐந்தாறு தடவை பார்த்திருப்பாள். லைட்இயரை இரண்டாவது தடவை கேட்கவே இல்லை.

பணக் கணக்கு சுருக்கமாக: டிக்கெட் வசூலில் தோராயமாகப் பாதி தியேட்டர்காரர்களுக்குப் போய்விடும். மீதியில்தான் பட்ஜெட்டும் விளம்பரச் செலவும் வரவேண்டும். அப்படிப் பார்த்தால் லைட்இயர் தியேட்டரில் நஷ்டம் என்பதில் சந்தேகமே இல்லை. எலிமென்டல் தியேட்டர் வசூலிலேயே போட்டதை எடுத்து அதற்கு மேலும் போகும் என்று பிக்ஸார் தலைவர் ஜிம் மோரிஸ் அந்த ஆகஸ்டில் சொன்னார். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். லைட்இயர் 47 நாளில் டிஸ்னி பிளஸ்ஸுக்கு வந்துவிட்டது. எலிமென்டலை 89 நாள் கழித்துத்தான் விட்டார்கள். நல்ல பேச்சு பரவ நாள் வேண்டும், அந்த நாள் இதற்குக் கிடைத்தது.

சரி, அப்படியென்றால் 'ஏ' வாங்கினால் போதும், படம் தானாக ஓடிவிடுமா? இங்கேதான் 'எலியோ' வந்து என் கணக்கைக் கலைத்தது. 2025 ஜூன் 20, மறுபடியும் ஜூனின் மூன்றாவது வெள்ளி. விமர்சகர்கள் முந்தைய இரண்டையும்விட அதிகம் பாராட்டினார்கள். சினிமாஸ்கோர் 'ஏ'. ஆனால் தொடக்கம் 2.08 கோடி, பிக்ஸார் வரலாற்றிலேயே ஆகக் குறைவு. இரண்டாவது வாரம் பாதியாகக் குறைந்தது. கடைசியில் உலக மொத்தம் ஏறக்குறைய 15.4 கோடி. எலிமென்டல் அமெரிக்கா, கனடாவில் மட்டும் எடுத்த தொகை அது. அதற்கு முந்தைய ஆண்டு 'இன்சைட் அவுட் 2' முதல் மூன்று நாளில் எடுத்ததும் அதே 15.4 கோடிதான்.

எலியோவில் மனசு இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். எப்போதும் கவசத்துக்குள்ளேயே இருக்கும் கிரைகன் என்ற தளபதி, மகன் உயிருக்குப் போராடும்போது அந்தக் கவசத்தைக் கழற்றிப்போட்டு அவனை அணைத்துக்கொள்ளும் காட்சி பெர்னியின் வணக்கத்துக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை. இரண்டிலும் ஒரு அப்பா தன் விறைப்பை இறக்கி வைக்கிறார். ஒன்றைப் பல லட்சம் பேர் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தார்கள், மற்றதற்குப் பாதி நாற்காலிகூட நிறையவில்லை.

நான் பார்க்கும் காரணம் இது. நல்ல பேச்சு பரவ, முதலில் பேசுவதற்கு ஆள் வேண்டும். எலிமென்டலின் 2.96 கோடி குறைவுதான், ஆனாலும் தீ பற்றிக்கொள்ள அது போதுமாக இருந்தது. அதில் ஒரு காதல் கதையும் இருந்ததால் பிள்ளை இல்லாதவர்களும் வந்தார்கள். எலியோ, வேற்றுக்கிரகவாசிகள் தன்னைக் கொண்டுபோக மாட்டார்களா என்று ஏங்கும் ஒரு தனிமையான சிறுவனின் கதை. குழந்தையோடு வரும் குடும்பத்தைத் தவிர வேறு யாரையும் அது சுலபமாக இழுக்காது. அந்தக் குடும்பங்களும் அதற்கு ஒரு வாரம் முன்பு வந்த 'ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்' படத்தின் புதிய வடிவத்துக்குப் போய்விட்டன. மாதத்துக்கு ஒரு தடவைதான் தியேட்டர் என்று கணக்கு வைத்திருக்கும் வீட்டில் தெரிந்த பெயர்தான் ஜெயிக்கும்.

அந்தக் கணக்கைப் பழக்கிவிட்டதில் ஸ்டுடியோவுக்கும் பங்கு உண்டு, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. 'சோல்', 'லூகா', 'டர்னிங் ரெட்' மூன்றையும் அமெரிக்காவில் நேராக வீட்டுத் திரைக்கு அனுப்பினார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் முதல் படத்துக்கு வேறு வழி இருக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 2022 மார்ச்சில் 'டர்னிங் ரெட்' வந்தபோது தியேட்டர்கள் திறந்துதான் இருந்தன. புதிய கதை என்றால் காத்திருந்து வீட்டில் பார்க்கலாம் என்ற பாடத்தை ரசிகர்கள் அங்கேதான் கற்றார்கள். எலிமென்டல் அதைத் தாண்டி வந்தது, எலியோவால் முடியவில்லை.

எலியோ வெளியான அதே ஜூன் 20 அன்று நெட்ஃப்ளிக்ஸில் சோனி அனிமேஷனின் ஒரு படம் வந்தது: 'கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்'. அதுவும் புதிய கதை, தெரியாத பாத்திரங்கள், முதல் வாரத்தில் பெரிய ஆரவாரமும் இல்லை. வாரம் போகப் போகப் பார்ப்பவர்கள் கூடினார்கள். கடைசியில் நெட்ஃப்ளிக்ஸில் அதிகம் பார்க்கப்பட்ட படமே அதுதான் என்று ஆனது. ஆகஸ்ட் 23, 24 இரண்டு நாள் மட்டும், பாட்டு வரிகளைத் திரையில் போட்டு, கூடவே பாடுவதற்காகத் தியேட்டர்களில் விட்டார்கள். நெட்ஃப்ளிக்ஸ் வசூலை வெளியிடுவதில்லை. அமெரிக்க வணிக வட்டாரத்தின் மதிப்பீடு 1.8 கோடியிலிருந்து 2 கோடி வரை, அந்த வார இறுதியில் முதலிடம். இரண்டு மாதமாக வீட்டில் ஓடிக்கொண்டிருந்த படத்துக்கு, பாட்டெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்த குழந்தைகள் டிக்கெட் எடுத்து வந்து, எலியோ முதல் மூன்று நாளில் எடுத்ததைக் கிட்டத்தட்ட இரண்டே நாளில் கொடுத்துவிட்டுப் போனார்கள்.